செர்ரி தக்காளியை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் ஒரு கடிதம் இந்த முறை பக்கத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. அதில் இருக்கும் ஒரு கேள்வி மற்ற எல்லாவற்றையும்விட அவசரமானது. கடிதம் கிடைத்த அன்றே வாசகிக்குத் தொலைபேசியில் பதில் சொல்லியாயிற்று. இதேபோல பாட்டில் போட்டு அலமாரியில் வைத்திருப்பவர்கள் வேறு ஊர்களிலும் இருக்கக்கூடும் என்பதால், விவரமாக இங்கே.

‘‘எங்களிடம் 10 சென்ட் நிழல்வலைக்குடில் இருக்கிறது. போன வருஷம் குடைமிளகாய், இந்த வருஷம் செர்ரி தக்காளி. ஓசூர் வியாபாரி காம்போடு, வெடிப்பில்லாமல், ஒரே அளவில் இருக்கும் பழத்தை மட்டும்தான் எடுக்கிறார். மழை பெய்த வாரத்தில் பறித்ததில் கால் பங்கு வெடித்துவிட்டது. நல்ல பழத்தில் மிஞ்சியதை ஃப்ரிட்ஜில் வைத்து, ஒரு வாரம் கழித்து உள்ளூரில் விற்றேன். ‘பார்க்க அழகா இருக்கு, ருசியே இல்லையே’ என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. வெடித்த பழத்தை இரண்டாக வெட்டி, இரண்டு நாள் வெயிலில் வாட்டி, பூண்டும் துளசியும் சேர்த்து நல்லெண்ணெயில் மூழ்க வைத்து 18 பாட்டில் போட்டேன். மூன்று வாரமாகச் சமையலறை அலமாரியில் இருக்கிறது. இப்போது இரண்டு பாட்டிலின் மூடி மேலே உப்பியிருக்கிறது. திறந்து பார்த்தேன், கெட்ட வாடை எதுவும் இல்லை. மற்ற பாட்டில்களைச் சந்தையில் விற்கலாமா? அக்கா வீட்டுக்கு ஏற்கெனவே ஒன்று கொடுத்திருக்கிறேன்.’’

- வாசகி, தேன்கனிக்கோட்டை வட்டம்.

முதலில் பாட்டில். 18 பாட்டிலையும் அப்புறப்படுத்த வேண்டும். உப்பாத பாட்டில்களும் இதில் சேர்த்திதான். நாக்கில் தொட்டுப் பார்ப்பதுகூட வேண்டாம். அக்கா வீட்டுக்குப் போனதை யாரும் தொடாமல் வைக்கச் சொல்ல வேண்டும். வாசகி உடனே அழைத்துக் கேட்டதில், அந்த வீட்டில் பாட்டிலை இன்னும் திறக்கவில்லை என்று தெரிந்தது. நல்ல வேளை.

மண்ணில் எங்கும் இருக்கும் ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள்தான் இங்கே பயப்பட வேண்டிய விஷயம். கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்பது அதன் பெயர். பூண்டு, வெங்காயம், கீரை, கிழங்கு என மண்ணைத் தொட்டு வரும் எல்லாவற்றிலும் அந்த வித்து ஒட்டியிருக்கலாம். தினமும் அதைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை. ஆனால் காற்று இல்லாத இடம், ஈரம், குறைந்த புளிப்பு, அறை வெப்பம் என்ற நான்கும் ஒன்றாகக் கிடைத்தால் அந்த வித்து முளைத்து நஞ்சு சுரக்கிறது. எண்ணெயில் மூழ்கிய ஈரப்பூண்டுக்கு இந்த நான்குமே கிடைத்துவிடுகின்றன. அந்த நஞ்சுக்கு நிறமோ வாடையோ இல்லாமல் போகலாம். மூடி உப்பியதற்குச் சாதாரண நொதிப்பே காரணமாக இருக்கலாம். ஆனால் அதை வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க வழி கிடையாது. உப்பாத பாட்டிலில் நஞ்சு இல்லை என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

‘தக்காளிதான் புளிப்பாயிற்றே’ என்று தோன்றும். புளிப்பை அளக்கும் பி.ஹெச். கணக்கில் 4.6க்குக் கீழே இருந்தால் இந்த பாக்டீரியா வளராது. தக்காளி நிற்பது ஏறக்குறைய 4.3 முதல் 4.9 வரை, அதாவது எல்லைக்கோட்டின் மேலேயே. நன்றாகப் பழுத்த பழத்தில் புளிப்பு இன்னும் குறையும். பூண்டு அந்த எல்லையைத் தாண்டி மேலே இருக்கிறது. அதனால் தக்காளியின் புளிப்பை நம்பிப் பூண்டை எண்ணெயில் மூழ்கடிக்க முடியாது.

பாட்டி காலத்து ஊறுகாயும் எண்ணெயில்தானே மிதக்கிறது என்று கேட்கலாம். அங்கே காவல் காப்பது உப்பும், புளியோ எலுமிச்சையோ தரும் புளிப்பும், தண்ணீர் வற்றியிருப்பதும். எண்ணெய் மேலே பூசணம் பிடிக்காமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். உப்பையும் புளியையும் எடுத்துவிட்டு எண்ணெயை மட்டும் வைத்துக்கொண்ட இந்த ‘இத்தாலிப் பாட்டில்’ செல்போன் வீடியோக்களில் பார்க்க அழகாக இருக்கிறது. ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், நாலே நாளில் தீர்க்க வேண்டும் என்பதை மட்டும் பல வீடியோக்கள் விட்டுவிடுகின்றன.

அப்புறப்படுத்தும்போது பாட்டிலைத் திறக்காமல், இரட்டைப் பையில் கட்டிக் குப்பையில் சேர்க்க வேண்டும் அல்லது ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். திறந்த இரண்டையும் மூடி அதேபோலச் செய்து, கையையும் மேடையையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வீணாகிறதே என்று மாட்டுத் தொட்டியிலோ கோழிக்கோ போட்டுவிடக் கூடாது. கழுத்து தொங்கிக் கோழி சாவதற்கு இதே நஞ்சு ஒரு காரணம். யாராவது சாப்பிட்டிருந்து, பார்வை இரண்டாகத் தெரிவது, இமை தொங்குவது, பேச்சு குழறுவது, விழுங்க முடியாமல் போவது என எது தெரிந்தாலும் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். பொதுவாக 12 முதல் 36 மணி நேரத்துக்குள் இவை தொடங்கும், சில நேரம் சில நாள் தாமதமாகவும் வரும். என்ன சாப்பிட்டார் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நல்லெண்ணெய் விலைக்கு 18 பாட்டிலைக் கொட்டுவது மனசுக்குக் கஷ்டமான காரியம். வாசகி கொட்டிவிட்டார்.

இனி, வெடித்த பழத்தை என்ன செய்வது? வெடித்த பழம் அன்றைய பழம். வெடிப்பு வழியே ஈஸ்டும் பூசணமும் உள்ளே போய்விடும் என்பதால் மறுநாளுக்கு வைக்கக் கூடாது. பூசணம் பூத்ததையும் புளித்த வாடை வருவதையும் தள்ளிவிட்டு, மீதியைப் பறித்த அன்றே தொக்காகவோ வற்றலாகவோ மாற்றிவிடலாம். அதற்கும் நேரமில்லை என்றால் ஃப்ரீசரில் போடலாம்.

தொக்குக்கு நாட்டுத் தக்காளியின் அளவு இங்கே சரிப்படாது. செர்ரி தக்காளியில் இனிப்பு தூக்கல், அதனால் புளி கூடுதலாக வேண்டும். ஒரு கிலோ பழத்துக்குப் பெரிய எலுமிச்சை அளவு புளி, 50 கிராம் உப்பு, 40 கிராம் மிளகாய்த்தூள், 200 மில்லி நல்லெண்ணெய், வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு சிறிய ஸ்பூன், பெருங்காயம், கடுகு. பழம் சின்னதாக இருப்பதால் எடைக்குத் தோல் அதிகம். அப்படியே வதக்கினால் தோல் சுருண்டு நாக்கில் தட்டும். முதலில் பழத்தையும் புளியையும் தண்ணீர் விடாமல் வேகவைத்து, ஆறியதும் அரைத்து, பிறகு எண்ணெயில் தாளித்துச் சுருள வதக்க வேண்டும். கரண்டியால் வகிர்ந்தால் வழி மூடக் கூடாது, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்க வேண்டும். அந்தப் பதம் வருவதற்குமுன் இறக்கினால் தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். அலுமினியம், இரும்புச் சட்டி இரண்டும் வேண்டாம், புளிப்பு உலோகத்தை அரித்துக்கொண்டு வரும். எவர்சில்வர் அடிகனமான பாத்திரம் போதும். கண்ணாடி பாட்டிலில் போட்டு, வீட்டு உபயோகம் என்றால் ஃப்ரிட்ஜில் வைத்து, ஈரமில்லாத ஸ்பூன் போட்டு எடுத்தால் ஒரு மாதம் கவலையில்லை.

விற்பதாக இருந்தால் கதை வேறு. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு வேண்டும். அதைவிட முக்கியம், ஒவ்வொரு முறையும் ஒரே புளிப்பு வருகிறதா என்று பி.ஹெச். பார்ப்பது. தஞ்சாவூரில் இருக்கும் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும், மைசூரில் இருக்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமும் இதற்கு வழிகாட்டுகின்றன. தேன்கனிக்கோட்டைக்கு மைசூர்தான் கிட்டே.

வற்றல் போடுவது இன்னும் சுலபம். ஆனால் வெயில் வேண்டும். முழுப்பழமாகக் காயவைத்தால் நாள் கணக்கில் அப்படியே இருக்கும், அதற்குள் உள்ளே புளித்துவிடும். தோலின் மேல் இருக்கும் மெழுகுப்பூச்சு ஈரத்தை வெளியே விடாததுதான் காரணம். இரண்டாக வெட்டி, கிலோவுக்கு 20 கிராம் உப்பு தூவி, ஒரு மணி நேரம் சாய்த்துவைத்து நீர் வடித்து, வெட்டிய பக்கம் மேலே இருக்கும்படி பரப்ப வேண்டும். மேலே மெல்லிய வலைத்துணி. சாயங்காலம் பனி இறங்குவதற்குமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். நல்ல வெயிலில் நாலைந்து நாள் பிடிக்கும். சூரியக் கூடார உலர்த்தி இருந்தால் இன்னும் சீக்கிரம். வாசகி வாட்டிய இரண்டு நாள் போதவே போதாது. பிழிந்தால் ஈரம் கசியாமல், தோல்போல வளைய வேண்டும். நெடுநாள் வைக்க வேண்டுமென்றால் ஒடிகிற பதம்வரை விட வேண்டும். பிறகு கண்ணாடி ஜாடியில் முக்கால் பங்கு நிரப்பி, ஒரு வாரம் தினமும் குலுக்கிப் பார்க்க வேண்டும். உட்பக்கக் கண்ணாடியில் ஆவி படிந்தால் மறுபடி வெயிலுக்கு. ஒரு கிலோவுக்கு 100 கிராம்கூடத் தேறாது என்பதால் விலை வைக்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

மழைக்காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது? அப்போது ஃப்ரீசர்தான். கழுவித் துடைத்து, காம்பு கிள்ளி, முழுசாகப் பையில் போட்டு உறைய வைக்கலாம். வெளியே எடுத்தால் பழம் தொளதொளவென்று ஆகிவிடும், தோல் தானாகக் கழன்று வரும். பச்சடிக்கு ஆகாது, ரசத்துக்கும் குழம்புக்கும் நன்றாகவே இருக்கும்.

அடுத்தது ருசி போன கதை. ஃப்ரிட்ஜ்தான் காரணம். தக்காளியின் ருசியில் பாதி நாக்கில், பாதி மூக்கில். இனிப்பும் புளிப்பும் குளிரில் குறைவதில்லை. வாசத்தைத் தரும் பொருட்கள்தாம் குறைகின்றன. அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், பழுத்த தக்காளியை 5 டிகிரி செல்சியஸில் 7 நாட்கள் வைத்துவிட்டு வெளியே எடுத்துப் பார்த்தார்கள். வாசம் தயாரிக்கும் மரபணுக்களே அடங்கிப்போயிருந்தன. அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்த பிறகும் வாசம் முழுதாகத் திரும்பவில்லை. ஓரிரு நாள் மட்டும் குளிரில் இருந்த பழத்துக்கு அந்த அளவு பாதிப்பு இல்லை. வாசகி வைத்தது ஒரு வாரம்.

பழுக்காத பழத்துக்கு ஃப்ரிட்ஜ் இன்னும் மோசம். 10 டிகிரிக்குக் கீழே காயோ செங்காயோ சில நாட்கள் இருந்தால் பிறகு எப்போதுமே சரியாகப் பழுக்காது. நிறம் திட்டுத்திட்டாக வரும், தோலில் குழி விழும், சீக்கிரம் அழுகும்.

அதனால் வீட்டுக்கு வாங்கியவர்கள் பழுக்கும்வரை வெளியே காற்றோட்டமாக வைத்து, பழுத்த இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுவது நல்லது. சென்னை, வேலூர் மே மாத வெயிலில் சமையலறையே 35 டிகிரி கொதிக்கும்போது இந்தப் புத்திமதி செல்லாது. அங்கே முழுதாகப் பழுத்ததை ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் இரண்டு மூன்று நாள் வைப்பதே மேல், அழுகுவதற்குப் பதில் வாசம் கொஞ்சம் குறைந்துவிட்டுப் போகட்டும். சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன் வெளியே எடுத்துவிட வேண்டும். பறித்த தக்காளி தன்னிடமிருந்து எத்திலீன் வாயுவை விடுகிறது, அதனால் கீரை, வெள்ளரியோடு ஒரே பையில் கட்டக் கூடாது. பழுக்கவில்லையே என்று அவசரப்படுபவர்கள் ஒரு வாழைப்பழத்தைப் பக்கத்தில் வைக்கலாம்.

தோட்டத்தில் சேமிக்க வாசகிக்கு ஃப்ரிட்ஜைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. டெல்லியில் உள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய மின்சாரமில்லாத குளிர் தொட்டி. செங்கல்லால் இரட்டைச் சுவர் எழுப்பி, நடுவில் 7.5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, அதில் ஆற்றுமணலை நிரப்பி, காலையும் மாலையும் மணலை நனைத்து வைப்பது. மேலே வைக்கோல் அல்லது மூங்கில் மூடி, அதற்கு மேல் நிழலுக்கு ஒரு கூரை. சின்ன அளவில் கட்டினாலே 100 கிலோ வரை வைக்கலாம். கோடையில் வெளி வெப்பத்தைவிட 10 டிகிரிக்கு மேல் குறையும், உள்ளே ஈரப்பதமும் நிறைந்திருப்பதால் பழம் சுருங்காது. தக்காளி கேட்கும் குளிருக்கு அது போதும். மழைக்காலத்தில் காற்றிலேயே ஈரம் இருக்கும் என்பதால் பலன் குறைவு, அதை எதிர்பார்த்துதான் கட்ட வேண்டும்.

பறிப்பிலும் கொஞ்சம் திருத்தம் வேண்டும். இலையில் பனி உலர்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்குமுன் பறிக்க வேண்டும். ஈரப்பழத்தைப் பறித்துக் குவித்தால் அழுகல் உறுதி. வியாபாரி காம்போடு கேட்பது அழகுக்காக மட்டும் இல்லை. தக்காளியின் தோல் தண்ணீரை விடாது. காம்பு கழன்ற வடு வழியாகத்தான் பெரும்பகுதி ஈரம் வெளியேறுகிறது, பூசணம் உள்ளே போவதும் அந்த வழிதான். பச்சை இதழ்களோடு கத்தரித்த பழம் அதனால்தான் கூடுதல் நாள் தாங்கும். ஆழமில்லாத டிரேயில் இரண்டு மூன்று அடுக்குக்கு மேல் போகக் கூடாது. வெயிலில் சூடேறிய பழத்தைக் குளிர்ந்த கிணற்று நீரில் கொட்டிக் கழுவுவதும் தப்பு. சூடான பழம் திடீரென்று குளிரும்போது காம்பு வடு வழியே அழுக்குத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். விற்பதைக் கழுவாமல் துடைத்து அனுப்பலாம். வீட்டில் சாப்பிடும்முன் கழுவினால் போதும், ஓடும் நீரில்.

வெடிப்பையே குறைக்க முடியாதா என்றால், முடியும். ஓரளவுக்கு. மண் காய்ந்து கிடந்து திடீரென்று நிறையத் தண்ணீர் வரும்போது சதை வீங்குகிறது, தோல் அதோடு நீள்வதில்லை. சொட்டுநீரைத் தினமும் ஒரே அளவாகக் கொடுத்தால் பாதி வெடிப்பு நின்றுவிடும். நிழல்வலை மழையைத் தடுப்பதில்லை. அதனால் மழை வரும் அறிகுறி தெரிந்தால், முழுச்சிவப்புக்குக் காத்திராமல் நிறம் திரும்பிய பழங்களை முந்தின நாளே பறித்துவிடலாம். வீட்டுக்குள் வைத்தால் அவை சிவந்துவிடும். ஆனால் நிறம்தான் ஏறும், பறித்த பிறகு இனிப்பு பெரிதாகக் கூடாது. செடியிலேயே பழுத்ததன் ருசியோடு அதை ஒப்பிட முடியாது.

‘‘கடையில் கால் கிலோ டப்பா, சாதாரணத் தக்காளியைப்போலப் பல மடங்கு விலை சொல்கிறார்கள். அந்த அளவுக்கு அதில் சத்து உண்டா? எப்படிச் சமைப்பது?’’

- வாசகி, கோயம்புத்தூர்.

சத்துக்காக மட்டும் என்றால் அந்த விலை கொடுக்க வேண்டியதில்லை. சாதாரணத் தக்காளியில் 100 கிராமில் 94 கிராம் அளவுக்குத் தண்ணீர்தான். சுமார் 18 கலோரி, 14 மில்லிகிராம் வைட்டமின் சி, 237 மில்லிகிராம் பொட்டாசியம், ஒரு கிராமுக்குச் சற்று மேல் நார்ச்சத்து. வைட்டமின் சி-க்கு நெல்லிக்காயும் கொய்யாவும் பல மடங்கு மேல். செர்ரி தக்காளியின் சிறப்பு வேறு இடத்தில் இருக்கிறது. பழம் சின்னதானால் எடைக்குத் தோல் கூடும், சிவப்பு நிறத்தைத் தரும் லைகோபீனும் வேறு சில நல்ல பொருட்களும் தோலில்தான் செறிந்திருக்கின்றன. அதனால் தோலை உரிப்பது பணத்தை உரிப்பதற்குச் சமம். மஞ்சள் ரகத்தில் லைகோபீன் மிகக் குறைவு. மற்றபடி, கொடுக்கும் காசு இனிப்புக்குத்தான். குழந்தைகள் காய்கறியைத் தொட மறுக்கும் வீட்டில் அதற்கு மதிப்பு இருக்கிறது. மாடியில் இரண்டு தொட்டி வைத்தால் அந்தக் காசும் மிச்சம்.

பச்சையாகவா, சமைத்தா என்ற சண்டைக்கு ஓர் ஆய்வு பதில் சொல்லியிருக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2002-ல் தக்காளியை 88 டிகிரியில் சூடாக்கிப் பார்த்தார்கள். 2 நிமிடத்தில் வைட்டமின் சி 10 சதவிகிதம் குறைந்தது, 15 நிமிடத்தில் 15, அரை மணியில் 29. அதே நேரத்தில் எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கும் லைகோபீன் 54, 171, 164 சதவிகிதம் என்று கூடியது. கால் மணி நேரத்துக்கு மேல் கொதிக்கவிட்டுப் பலன் இல்லை என்பதும் இதில் தெரிகிறது. லைகோபீன் கொழுப்பில் கரைவது. வதக்கும்போது விடும் எண்ணெய் வீணில்லை. பச்சையாகச் சாப்பிட்டாலும் தேங்காய்த் துருவலோ, தாளித்துக் கொட்டிய தயிரோ கூட இருப்பது நல்லது.

புளிக்குழம்பில் சின்ன வெங்காயம் போடுவதைப்போல முழுப்பழமாகப் போடலாம். ஆனால் குழம்பு கொதித்துத் திரண்ட பிறகு, இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன். ஒவ்வொரு பழத்திலும் கத்தி முனையால் ஒரு குத்து குத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெயில் விழுந்ததும் வெடித்து முகத்தில் தெறிக்கும். வாயில் போட்டுக் கடிக்கும்போது உள்ளே இருக்கும் சூட்டுக்கும் அதுதான் மருந்து. ரசத்துக்குத் தனியாக இது ஆகாது. இனித்துக் கிடக்கும், பாதி நாட்டுத் தக்காளி சேர்த்தால்தான் ரசம் ரசமாக இருக்கும். சாம்பாரில் போடுவது பழத்துக்குச் செய்யும் துரோகம். வெள்ளரி, வெங்காயத்தோடு வெட்டி, உப்பு போட்டுப் பத்து நிமிடம் ஊறவிட்டு, கடுகு தாளித்த தயிரில் கலந்தால் பச்சடிக்கு இதைவிட நல்ல தக்காளி கிடைப்பது கஷ்டம்.

‘‘சித்திரை வெயிலில் சிவப்பு ரகம்கூட ஆரஞ்சு நிறத்திலேயே நின்றுவிடுகிறது. விதை கலப்படமா?’’

- வாசகர், மேச்சேரி.

தை மாதத்தில் இதே செடி சிவப்பாகக் காய்த்திருந்தால் விதையைக் குறை சொல்ல முடியாது. 30 டிகிரிக்கு மேல் போகும்போது லைகோபீன் உண்டாவது தடைப்பட்டு, மஞ்சள் நிறம் தரும் கரோட்டின் மட்டும் தொடர்ந்து உண்டாகிறது. நிறம் திரும்பத் தொடங்கியதுமே பறித்து, 20 முதல் 25 டிகிரி இருக்கும் குளிர்ந்த இடத்தில் வைத்தால் சிவப்பு ஏறும். பழத்தை மறைக்கும் இலைகளைக் கோடையில் கிள்ளி எறியாமல் இருப்பதும் உதவும். மஞ்சளும் ஆரஞ்சுமே இயல்பான ரகங்கள் இருப்பதையும் மறந்துவிடக் கூடாது. பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ‘பஞ்சாப் சோனா செர்ரி’ மஞ்சளாகவும், ‘பஞ்சாப் கேசர் செர்ரி’ ஆரஞ்சாகவும்தான் பழுக்கும். விதை வாங்கிய பாக்கெட்டை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

‘‘தக்காளி விதை சிறுநீரகத்தில் கல்லாகிவிடும் என்கிறார் மாமியார். செர்ரி தக்காளியில் விதையை எடுக்கவே முடியாதே?’’

- வாசகி, திருநெல்வேலி.

எடுக்க வேண்டாம். சாப்பிட்ட விதை குடல் வழியே போகும், சிறுநீரகத்துக்குப் போக வழியே இல்லை. பெரும்பாலான கற்களில் இருப்பது கால்சியம் ஆக்சலேட். பாலக் கீரையில் இருக்கும் ஆக்சலேட்டில் மிகச் சிறிய பங்குதான் தக்காளியில் இருக்கிறது. ஏற்கெனவே சிறுநீரகம் பழுதடைந்து, பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் எழுதிக் கொடுத்திருப்பவர்கள் மட்டும் எத்தனை பழம் என்று அவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு மாமியார் சொல்வது, வேறு காரணத்துக்காக, சரியாகப் போய்விடலாம்.

‘‘மூன்று வயதுப் பேரன் செடியிலிருந்து பறித்து அப்படியே வாயில் போட்டுக்கொள்கிறான். நல்லதுதானே?’’

- வாசகர், பெரியகுளம்.

பழம் நல்லது, அப்படியே வாயில் போடுவது ஆபத்து. உருண்டையாக, வழுவழுப்பாக, சின்னக் குழந்தையின் மூச்சுக்குழாயை மூடும் அளவில் இருக்கிறது. திராட்சைக்கும் இதே எச்சரிக்கைதான். 5 வயது வரை நீளவாக்கில் நாலாக வெட்டிக் கொடுக்க வேண்டும். குறுக்கே இரண்டாக வெட்டினால் வட்டம் வட்டமாகவே இருக்கும், அது போதாது. ஓடிக்கொண்டோ சிரித்துக்கொண்டோ சாப்பிட விடக் கூடாது. அவன் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும் கொத்துகளைத் தாத்தாவே முதலில் பறித்துவிடுவது நல்லது.

‘‘மிளகுத் தக்காளி இலையைக் கீரையாகச் சமைக்கிறோம். செர்ரி தக்காளி இலையையும் சமைக்கலாமா?’’

- வாசகி, நத்தம்.

வேண்டாம். மிளகுத் தக்காளி என்பது மணத்தக்காளி. குடும்பம் ஒன்றாக இருந்தாலும் செடி வேறு. தக்காளி இலையிலும் தண்டிலும் டொமேட்டின் என்ற பொருள் இருக்கிறது, கீரையாகக் கடைந்து கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட ஏற்றதில்லை. பச்சைக் காயிலும் அது கொஞ்சம் உண்டு. ஆனால் பழுக்கப் பழுக்கக் குறைந்துவிடும். கூட்டுக்கும் துவையலுக்கும் நாலைந்து காய் சேர்ப்பதில் தவறில்லை. மழையில் உதிர்ந்த செர்ரி தக்காளிக் காய்களைப் பொறுக்கி, பச்சை மிளகாய், உளுந்து வறுத்துத் துவையல் அரைக்கலாம். தேங்காய் கொஞ்சம் கூட வைத்தால் துவர்ப்பு தெரியாது.